சனிக்கிழமை ராடு

மார்ச் 5, வியாழன்

மச்சான் அவர்களுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்றுச் சாயங்காலம் போனில் நீங்கள் கத்திய கத்தலிலேயே உடம்பு திடமாக இருப்பது தெரிந்துவிட்டது. நானும் திடம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். அவர் போனதும் உங்கள் தங்கை என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இனிமே எங்க அண்ணன்கிட்ட நீங்க போன்ல பேசவே கூடாது. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. எழுதும்போதாவது ஒரு நிமிஷம் யோசிப்பீங்க" என்று சொல்லிவிட்டாள். உங்களுக்கும் இதே உத்தரவு வந்திருக்கும். அதனால்தான் ராடு கொண்டுவந்த உங்கள் கம்பெனி லாரியிலேயே, டிரைவர் கையில் இந்தக் கடிதம் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று இறங்கிய அலுமினிய ராடும் உருப்படியில்லை. பிப்ரவரியில் வந்ததைப் போலவே இருக்கிறது.

இந்தத் தாளில் ஒட்டியிருக்கும் சுருளைப் பாருங்கள். நல்ல ராடை லேத்தில் வெட்டினால் சுருள் நகம் அளவுக்கு உடைந்து உடைந்து தட்டில் விழும். இது இரண்டு முழம். இதைவிட நீளமானதெல்லாம் மெஷினில் சுற்றிக்கொள்ள, நான் கொக்கி போட்டு இழுத்து எடுத்தேன். டூல் நுனியில் சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பிய்ந்து போகும்போது துளையின் உள்சுவரைக் கீறிவிட்டுப் போகிறது. அந்தத் துளையில்தான் எனக்கு உயிரே இருக்கிறது.

நான் செய்வது செயற்கைக் காலின் முழங்கால் கூடு என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போதே சொன்னேன். நீங்கள் கேட்டீர்களோ இல்லையோ. துளைக்குள் ஒரு ரப்பர் வளையம் மேலும் கீழும் போகும். துளை கீறலாக இருந்தால் வளையம் கிழியும், எண்ணெய் கசியும், அந்த மனிதர் படி இறங்கும்போது கால் திடுதிப்பென்று மடங்கும். கால் செய்கிறவர், நாங்கள் கால் டாக்டர் என்று சொல்கிறவர், நான் மாதிரிக்குச் செய்த முதல் இருபது கூடுகளையும் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது இரண்டாவது இருபதும் போச்சு. மூன்றாவது முறையும் தவறினால் இருநூறு கூடு வேலையும் வேறு பட்டறைக்குப் போய்விடும். என் பட்டறைக்கு இப்படி ஒரு வேலை இதற்கு முன் வந்ததில்லை, இனியும் வராது.

அன்று சாப்பாட்டில் பிப்ரவரி ராடைப் பற்றிப் பேச்சு வந்தபோது "உங்க உலையில ரொட்டிகூட வேகாது" என்று நான் சொன்னது தப்புதான். ஆனால் "வெண்ணெயைக் கொடுத்தாலும் கீறல் போடுற ஆளு" என்று நீங்கள் பிள்ளைகள் முன்னால் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டும் கழிந்துவிட்டது. ராடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


மார்ச் 10, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

கடிதமும் சுருளும் கிடைத்தன. சுருள் என் மேஜை மேல் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன மாஸ்டர், ஸ்பிரிங் வேலையும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். உங்களால் எனக்குக் கிடைத்த மரியாதை.

உங்கள் ராடின் கடினம் எண்பத்திநான்கு. சர்டிஃபிகேட்டுக்கு எண்பது இருந்தால் போதும். ஆகவே பாஸ். நீங்கள் லேத் வாங்குவதற்கு முன்பிருந்தே நான் இந்த உலை முன்னால் நிற்கிறேன், இருபத்திநான்கு வருடம்.

எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு ஏறாது, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் மறுக்க முடியாதே. ராடு இழுத்து முடித்ததும் முதல் உலையில் ஐநூற்று முப்பது டிகிரி. அந்தச் சூட்டில் அலுமினியத்தில் கலந்திருக்கும் மெக்னீசியமும் சிலிக்கனும் முழுதாகக் கரைந்துவிடும். உடனே தண்ணீர்த் தொட்டியில் முக்குவோம். கரைந்தது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது ராடு மெத்தென்று இருக்கும். பிறகு இரண்டாம் உலையில் நூற்று எழுபத்தைந்து டிகிரியில் எட்டு மணி நேரம். மாட்டிக்கொண்டது மெல்ல மெல்லப் பொடிப்பொடியாக வெளியே வந்து, ராடு முழுக்கப் பரவி நின்று அதை இறுக்கும். இறுகிய ராடு டூலில் ஒட்டாமல் உடைந்து வரும். இதில் எந்தப் படியில் நான் தவறினேன்? சொல்லுங்கள். நீங்கள் உங்கள் டூலைத் தீட்டிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். டூலைக் குளிர்விக்க ஊற்றுகிற கூலண்டை மாற்றி எத்தனை மாதமாகிறது?

இன்னொன்று. வாரம் முழுக்கப் பெரிய கம்பெனிகளின் வேலையால் முதல் உலை நிறைந்திருக்கும். சனிக்கிழமை காலை ஒன்றுதான் காலி. தங்கை வீட்டுக்காரர் ஆயிற்றே என்று அதை உங்களுக்காக ஒதுக்கிக் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த நன்றி, ரொட்டி.

மாதம் ஒரு ஞாயிறு என் தங்கையைப் பார்க்க நான்கு மணி நேரம் ரயிலில் வருவேன். இனி வரப்போவதில்லை. உங்கள் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்த மனிதன் மறுபடி அந்த வாசலை மிதிப்பது சரியில்லை. போன சனிக்கிழமை எனக்குப் போக்கிடம் இல்லை. உங்கள் ராடைத் தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு இரண்டாம் உலையில் ஏற்றிவிட்டு, எட்டு மணி நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்து அதே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்த லோடுதான் இந்தக் கடிதத்தோடு வருகிறது.

உலை மாஸ்டர்


மார்ச் 12, வியாழன்

மச்சான் அவர்களுக்கு,

நேற்று வந்த ராடு அருமை.

எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே லேத், அதே டூல், அதே கூலண்ட். கூலண்டை மாற்றவில்லை, வேண்டுமென்றே மாற்றவில்லை. சுருள் மழை மாதிரி சடசடவென்று உதிர்ந்தது. இதோ ஒட்டியிருக்கிறேன், எட்டுத் துண்டு. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி.

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிகிறது. கத்தினால்தான் உங்களுக்கு வேலை ஓடும். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போனால் தங்கை வீட்டு வேலைதானே என்று அசட்டையாக இருந்துவிடுகிறீர்கள். ஒரு அதட்டுப் போட்டதும் ராடு சரியாகிவிட்டது. இதை முன்பே செய்திருந்தால் என் நாற்பது கூடும் குப்பைக்குப் போயிருக்காது.

உங்கள் தங்கை நீங்கள் வரமாட்டேன் என்று எழுதியதைப் படித்தாள். மத்தியானம் தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

இப்படிக்கு,
கீறல் போடுகிற ஆள்


மார்ச் 17, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

அசட்டை என்ற வார்த்தையை இருபத்திநான்கு வருடத்தில் என்னிடம் யாரும் சொன்னதில்லை. மேனேஜர் சொன்னதில்லை. நான்கு மேனேஜர்கள் மாறியிருக்கிறார்கள், ஒருவரும் சொன்னதில்லை.

கோபத்தில் எழுதினால் தப்பாகிவிடும் என்று சில நாள் கழித்து எழுதுகிறேன். கெட்டது என்று நீங்கள் சொல்லும் லோடில் மீந்த ராடிலிருந்து ஒரு வில்லை, நல்லது என்று சொல்லும் லோடிலிருந்து ஒரு வில்லை அறுத்தேன். இரண்டையும் பாலிஷ் போட்டு, அமிலத்தில் தோய்த்து, லேப் பெண்ணிடம் கொடுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்கச் சொன்னேன். "மாஸ்டர், ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கு" என்றாள் அந்தப் பெண். நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். அதே பருக்கை, அதே அளவு, அதே ஒழுங்கு. கலவையும் ஒன்று, இழுத்த அச்சும் ஒன்று. கடினம் மட்டும் புதியதில் தொண்ணூற்றேழு, பழையதில் எண்பத்திநான்கு. இரண்டும் எண்பதுக்கு மேல். பாஸ் என்றால் பாஸ்தான். அளக்கிற மெஷினும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும்.

நான் எதையும் மாற்றவில்லை. அதே உலை, அதே சூடு, அதே தண்ணீர், அதே நான். மாறியது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். கடிதம் எழுதி யோசித்ததில் கை நிதானப்பட்டிருக்கும்.

என் தங்கை தட்டைச் சத்தமாக வைக்கிறாள் என்றால் அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்பு அவள் அப்படியில்லை.

உலை மாஸ்டர்


மார்ச் 26, வியாழன்

மச்சானுக்கு,

முதலில் நல்ல சேதி. இருபது கூடும் பாஸ். கால் டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து, ரப்பர் வளையத்தைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, ஒரு நாள் முழுக்கப் பட்டறையிலேயே உட்கார்ந்து அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. "இருநூறும் உங்களுக்குத்தான். முதல் ஐம்பது ஏப்ரல் இருபத்திநாலுக்குள்ள வேணும். அதுல கீறல் இருந்தா மீதி நூத்தம்பதும் போயிடும், சொல்லிட்டேன்" என்றார். தலையாட்டியதில் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

போன வாரமும் இந்த வாரமும் மற்ற வேலைகளுக்கு வந்த ராடு இரண்டுமே நன்றாக இருந்தன. அசட்டை என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ரொட்டியையும் சேர்த்து. எண்பத்திநான்குக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் வேலை ஓடும்போது அதை நோண்டவில்லை.

இந்த ஞாயிறு வந்துவிட்டுப் போங்கள். நான் கூப்பிடுகிறேன், அவள் சொல்லி எழுதவில்லை. அவள் சொல்லவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நேற்றுச் சின்னவன் "மாமா செத்துட்டாரா?" என்று கேட்டான். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். வாருங்கள். ராடைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஐம்பது கூடுக்கான ராடு இந்தச் சனிக்கிழமை உங்கள் உலையில்தானே ஏறும். அதைச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 2, வியாழன்

மச்சான்,

என்ன செய்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். பெரியவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், என் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கினீர்கள், நான் ஸ்டேஷன் வரைக்கும் வந்து பையைத் தூக்கிக்கொடுத்தேன். வாய்விட்டுச் சிரித்துப் பேசினோம். மூன்றே நாளில், நேற்று, எனக்கு இந்த ராடா?

சுருளை ஒட்டியிருக்கிறேன். அளக்க வேண்டாம், நானே அளந்துவிட்டேன், மூன்று முழம். ஐம்பது கூடு செய்ய வேண்டிய ராடு இது. காலையிலிருந்து ஐந்து கூடு போட்டேன், ஐந்திலும் கீறல். டூல் முனை பதினொன்று போயிற்று. டூலைத் தீட்டினேன், வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். போனால் போகிறதென்று கூலண்டையும் மாற்றினேன், நீங்கள் சொன்ன பாவத்துக்கு. ஒட்டுகிறது. கெஞ்சினாலும் ஒட்டுகிறது. மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன், மச்சான். எனக்கு நாற்பத்தியாறு வயது. லேத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

இதன் கடினம் எவ்வளவு? எண் போட்டு எழுதுங்கள். பாஸ் என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னும் இருபத்திரண்டு நாள். உங்கள் கம்பெனிக்குப் புகார் ஒன்று எழுதி மடித்து வைத்திருக்கிறேன். பிப்ரவரி நாலு, மார்ச் நாலு, ஏப்ரல் ஒன்று, மூன்று லோடும் தேதி போட்டு. உறவு வேறு, தொழில் வேறு. அடுத்த புதன் வரும் லோடைப் பார்த்துவிட்டு அதைத் தபாலில் போடுவேன்.


ஏப்ரல் 7, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

எண்பத்திமூன்று.

புகாரை அனுப்புங்கள். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். இரண்டாம் உலையின் சாவி என் இடுப்பில் இருக்கிறது, ஒன்பது வருடமாக. அதற்கு முன்பு நான் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், வேறொருவர் உலையை ஏற்றிவிட்டுச் சூட்டைக் கவனிக்காமல் போய், ஒரு லோடு முழுவதும் பாழாயிற்று. அன்றிலிருந்து இந்தச் சாவியை யாரிடமும் கொடுத்ததில்லை. எழுத்தில் ஒரு புகார் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பேக்கிங்கில் உட்கார வைப்பார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவேன். ரிட்டயராக இன்னும் ஆறு வருடம் இருக்கிறது எனக்கு.

நான் ஒளிக்க ஒன்றுமில்லை. நீங்கள் தரையில் உட்கார்ந்ததாக எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் தூக்கம் போய்விட்டது. ஆகவே அந்த லோடுக்கு நான் செய்ததை மணிவாரியாக எழுதுகிறேன். குற்றம் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 28, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு முதல் உலை. பத்தரைக்குக் கதவைத் திறந்து, எட்டே விநாடியில் தண்ணீர். பதினோரு மணிக்கு ராடை எடுத்து ரேக்கில் அடுக்கினேன். இரண்டாம் உலையைப் பூட்டிவிட்டு, குளித்து, உடை மாற்றி, இரண்டு மணி ரயிலைப் பிடித்தேன். அதை விட்டால் ஞாயிறு மாலை வரை ரயில் கிடையாது. ஞாயிறு உங்கள் வீட்டில். திங்கள் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்து, பூட்டைத் திறந்து, இரண்டாம் சூடு ஏற்றினேன், எட்டு மணி நேரம், ஒரு நிமிடம் குறையாமல். நடுவில் ராடு ஓய்வெடுத்தது. ஓய்வு ராடுக்கு நல்லது, இது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கண்ணால் பார்த்தது. செவ்வாய் லாரி.

இதில் அசட்டை எங்கே இருக்கிறது?

போன சனிக்கிழமை நான் எங்கும் போகவில்லை. இனியும் போகப்போவதில்லை. அன்றே இரண்டு சூடும் முடித்த லோடு உங்களுக்கு வருகிறது. அதையும் குறை சொல்லி, புகாரில் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலை மாஸ்டர் (இப்போதைக்கு)


ஏப்ரல் 9, வியாழன்

மச்சானுக்கு,

இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இருப்பதுதான் அந்தப் புகார். அதன் முதுகில்தான் இதை எழுதுகிறேன். இனி அதை எங்கே அனுப்புவது?

நேற்று வந்த லோடு கண்ணாடி. ஆனால் நான் எழுத வந்தது அதையல்ல.

புகாருக்கு ஆதாரம் வேண்டுமே என்று வந்த லோடு ஒவ்வொன்றிலும் ஒரு சுருளை எடுத்து, வீட்டுச் சுவர்க் காலண்டரில் அந்தந்தப் புதன்கிழமைக் கட்டத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். பிப்ரவரியிலிருந்து. நேற்றுச் சாயங்காலம் உங்கள் தங்கை அதன் தாள்களைப் புரட்டி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னங்க, இங்க வாங்க" என்றாள். நான் போகவில்லை. "வாங்கங்கறேன்ல" என்றாள். போனேன்.

"இந்த நீளச் சுருள் இருக்குதே, மூணு. இது மூணுக்கும் முந்தின ஞாயித்துக்கிழமைய பாருங்க."

பார்த்தேன். சிவப்பு வட்டம் போட்டிருந்தது. பிப்ரவரி ஒன்று, மார்ச் ஒன்று, மார்ச் இருபத்தொன்பது.

"என்ன வட்டம் இது?"

"அண்ணன் வந்த நாளு. நான்தான் போடுவேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போடுறேன். உங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

வட்டம் இல்லாத வாரமெல்லாம் குட்டைத் துண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. "எங்க அண்ணன் வந்தா ராடு கெடும்னா நல்லா இருக்குதே உங்க தொழிலு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உங்கள் கடிதத்தை எடுத்து மணிவாரிக் கணக்கை மறுபடி படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மச்சான், சனி பதினோரு மணியிலிருந்து திங்கள் ஏழு மணி வரை. நாற்பத்திநாலு மணி நேரம் அந்த ராடு ஈரம் காய்ந்து சும்மா ரேக்கில் கிடந்திருக்கிறது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வராத வாரம், தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு இரண்டாம் சூடு. வித்தியாசம் அது ஒன்றுதான். ஓய்வு நல்லது என்கிறீர்கள். நான் லேத்துக்காரன், எனக்கு என்ன தெரியும். ஒன்று மட்டும் செய்து பாருங்கள். இந்தச் சனிக்கிழமை தண்ணீரிலிருந்து எடுத்ததில் பாதியை அன்றே உலையில் ஏற்றுங்கள். மீதிப் பாதியைத் திங்கள் வரை கிடக்கவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். இரண்டையும் அளந்து எண்ணை மட்டும் எழுதுங்கள்.

நான் சொல்வது தப்பாக இருக்க வேண்டும் என்று உங்கள் தங்கை நினைக்கிறாள். நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 14, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

அன்றே ஏற்றியது தொண்ணூற்றாறு. கிடந்தது எண்பத்திநான்கு. மூன்று முறை அளந்தேன். பிறகு மெஷின் மேல் சந்தேகப்பட்டு லேப் பெண்ணை அளக்கச் சொன்னேன். அவளுக்கும் அதேதான் வந்தது.

சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே செம்பு கலந்த அலுமினியம்தான் ஓடியது. அதைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டால் போதும், நாலு நாளில் தானாகவே இறுகிவிடும். இரண்டாம் சூடே தேவையில்லை. அதைப் பார்த்துத்தான் ஓய்வு நல்லது என்பது என் மண்டையில் ஏறியது. பத்து வருடம் கழித்து மெக்னீசியமும் சிலிக்கனும் கலந்தது வந்தது. உலோகம் வேறு என்று தெரியும். குணமும் வேறாக இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. லேப் பெண் தன் படிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இந்த வகை ராடு வெறும் காற்றில் கிடந்தாலே உள்ளே மாட்டிக்கொண்டது தன்பாட்டுக்குக் கும்பல் கும்பலாகச் சேர்ந்துவிடுமாம். அப்புறம் சூடு கொடுத்தால் பொடி சரியாகப் பரவாதாம். அந்தக் கும்பல் மைக்ராஸ்கோப்பில் தெரிகிற அளவுக்குப் பெரிதில்லையாம். பதினான்கு வருடமாக எத்தனை பேருக்கு இப்படி ராடு அனுப்பினேனோ தெரியவில்லை. எல்லாரும் டூலைத் தீட்டியிருப்பார்கள்.

உங்கள் புகார் இருந்த பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து, நானே மேனேஜர் மேஜையில் வைத்தேன். சாவியையும் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "எண்பத்திநாலு பாஸ்தானே மாஸ்டர்? எதுக்கு இதைப் பெரிசு பண்றீங்க? போய் வேலையைப் பாருங்க" என்று சாவியை என் பக்கம் தள்ளிவிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை, மாப்பிள்ளை. அது எப்படிக் குத்தும் என்று எனக்கு அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது.

உலைப் புத்தகத்தில் நானே எழுதிவிட்டேன்: தண்ணீரிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாம் சூடு. கையெழுத்தும் போட்டுவிட்டேன். உங்களுக்கு உலை கிடைப்பது சனிக்கிழமை மட்டும்தான். இரண்டாம் சூடு முடிய மாலை ஏழு மணி ஆகும். இரண்டு மணி ரயிலை இனி என்னால் பிடிக்க முடியாது. சாவியை இன்னொருவரிடம் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். படியில் மடங்குகிற கால் என்று எழுதினீர்களே, அதற்குப் பிறகு எப்படிக் கொடுப்பேன்?

ஆகவே இருநூறும் முடியும் வரை நான் வரவில்லை. இந்த முறை கோபம் இல்லை என்று என் தங்கையிடம் சொல்லுங்கள்.

மச்சான்


ஜூன் 4, வியாழன்

மச்சானுக்கு,

இருநூறும் போய்விட்டன. நேற்று மத்தியானம் கடைசிப் பெட்டியைக் கால் டாக்டரே வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. இனி ஒரு மாதத்துக்கு எனக்கு ராடு வேண்டாம்.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. எனக்கு எரிச்சலாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. உங்கள் மேல் கொஞ்சம், உங்கள் ஊர் ரயில் மேல் கொஞ்சம்.

எட்டு வாரமாக ஒவ்வொரு புதனும் லாரி வரும். நான் ராடை ஏற்றி முதல் வெட்டுப் போடுவேன். உங்கள் தங்கை சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் பட்டறை வாசலில் வந்து நிற்பாள். முன்பெல்லாம் அவள் இந்தப் பக்கமே வரமாட்டாள், எண்ணெய் நாற்றம் தலைவலி என்பாள். சுருள் சடசடவென்று உதிரும். அவள் தட்டில் விழுந்த ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். "நல்ல ராடுங்க" என்பாள். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள். வீட்டுக்குப் போனால் காலண்டரில் அந்தத் துண்டு ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் வெறுமையாக இருக்கும். ஏப்ரல், மே, இரண்டு தாளிலும் ஒரு சிவப்பு வட்டம் கிடையாது. நல்ல ராடு கேட்டு உங்கள் உயிரை வாங்கியவன் நான். இப்போது அது உடைந்து உதிர்கிற சத்தத்தைக் கேட்டாலே மெஷினை நிறுத்திவிடத் தோன்றுகிறது.

மாடியில் துணி உலர்த்தும் கம்பி துருப்பிடித்துப் போயிற்று. அவளுக்கு இரண்டு ராடு வேண்டும், பத்தடி நீளத்தில். இந்தச் சனிக்கிழமை அந்த இரண்டை மட்டும் முதல் உலையில் போடுங்கள். பத்தரைக்குத் தண்ணீர். பதினோரு மணிக்கு எடுத்து ரேக்கில் வையுங்கள். அப்புறம் இரண்டாம் உலையைப் பூட்டிவிட்டு, குளித்து, உடை மாற்றி, இரண்டு மணி ரயிலைப் பிடியுங்கள். ஈரத்துணிக்கு எண்பத்திநாலு போதும். உலைப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்று நீங்கள் யோசிப்பீர்கள். வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி என்று எழுதுங்கள். வேண்டுமானால் அதில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

மாப்பிள்ளை


ஜூன் 9, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

என் மூக்குக்கண்ணாடியை உங்கள் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள். இதைக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னவனிடம் மாமா உயிரோடுதான் இருக்கிறார் என்று நீங்களும் ஒரு முறை சொல்லுங்கள். நான் சொன்னதை அவன் முழுதாக நம்பவில்லை, தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

இரண்டு ராடும் லாரியில் வருகின்றன. திங்கள் காலைதான் இரண்டாம் சூடு. தப்பித்தவறி லேத்தில் ஏற்றிவிடக்கூடாது என்று இரண்டு முனையிலும் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன். மாடியில் மாட்டுவதற்கு முன்பு ஒன்றிலிருந்து ஒரே ஒரு சுருள் வெட்டி என் தங்கையிடம் கொடுங்கள். நாளைய புதன்கிழமைக் கட்டத்தில் ஒட்ட அவளுக்கு நீளமானது வேண்டுமாம்.

கடினம் எண்பத்திமூன்று. பாஸ்.

மச்சான்